ஹோலை ஒதுக்கிய நாள்

எங்கள் ஊரில் ஒரு மனிதன் சும்மா நடக்க முடியாது. றோட்டில் கால் வைத்தால் போதும், பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்து நின்றுவிடும். "எங்கையண்ணை வெளிக்கிட்டியள்? ஏறுங்கோ, கொண்டுபோய் விடுறன்." ஓரிடமும் இல்லை, சீனி வருத்தத்துக்கு டொக்டர் நடக்கச் சொன்னவர் என்று விளக்கம் சொன்னாலும் விடமாட்டார்கள். "அதுக்கென்ன, சந்தி மட்டும் ஏறுங்கோ, பிறகு நடவுங்கோ." என் கணவர் சாவகச்சேரிச் சந்தைக்குப் பக்கத்தில் முப்பது வருடமாக வாட்டர் பம் திருத்தும் கடை வைத்திருந்தவர். அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்களில் பாதிப்பேர் அவரிடம் பம் கொடுத்துத் திருத்தியவர்கள். அவரைத் தாண்டிப் போக அவர்களுக்கு மனம் வராது. மறுத்தால் குறை நினைப்பார்கள் என்று இவரும் ஏறிவிடுவார். நடக்கப் போன மனிதன் பதினைந்து நிமிடத்தில் யாரோ ஒருவரின் பின்சீற்றில் இருந்தபடி எங்கள் வாசலில் வந்து இறங்குவார், கையில் அவர்கள் கொடுத்த கத்தரிக்காயோ வெண்டிக்காயோ இருக்கும். நான் கொஞ்சம் வாய்க்காரி. "நடந்து வந்ததோ, பறந்து வந்ததோ?" என்று கேட்பேன்.

கனடாவில் இருக்கும் எங்கள் ஒரே மகள் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, கொழும்பில் ஒரு கடையில் சொல்லி, ட்ரெட்மில் ஒன்றை லொறியில் அனுப்பிவைத்தாள். அதோடு வந்த புத்தகத்தைத் திறந்தும் பாராமல் அரை நாளில் இவரே பாகங்களைப் பொருத்திப் பூட்டி முடித்தார். அறைகளுக்குள் அது கொள்ளவில்லை. ஹோலின் நட்டநடுவில் வாசலைப் பார்த்தபடி நின்றது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் மெசின். ஆறு வருடம், விடிய எழும்பி அதில் நாற்பது நிமிடம் நடந்தார். அது போடுகிற இரைச்சலில் எனக்கு றேடியோச் செய்தி கேட்காது. அதைச் சொல்லிச் சண்டை பிடிப்பேன். "நீர் செய்தி கேட்டு நாட்டைத் திருத்தப் போறீரோ?" என்பார்.

பிறகு ஒரு ஆவணி மாதம் அவருக்குக் கண் மஞ்சளித்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு கிழமை வைத்திருந்து எல்லாம் பார்த்தார்கள். ஈரலில் தொடங்கிய புற்றுநோய், வேறு இடங்களுக்கும் போய்விட்டது. டொக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, "வீட்டை கொண்டுபோங்கோ அம்மா, விரும்பினதைக் குடுங்கோ" என்றார். இந்த வசனத்துக்கு அர்த்தம் தெரியாதவர்கள் யாழ்ப்பாணத்தில் இல்லை. இவருக்கு நாங்கள் சொல்லவில்லை. ஈரல் வீக்கம், மருந்துக்கு மெல்ல மெல்லக் குறையும் என்று சொன்னோம். சொன்னோம் என்ன, நான்தான் சொன்னேன். மகளுக்கு உண்மை தெரியும். அவளுக்கு அங்கே இன்னும் கடதாசி சரிவரவில்லை, வெளிக்கிட்டால் திரும்பி உள்ளே போக முடியாது. போனில் முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டு கதைப்பாள்.

வீட்டுக்கு வந்த பிறகு மெசினில் நடக்க அவரால் முடியவில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாலு மணிக்கு என்னைப் பிடித்துக்கொண்டு ஹோலுக்கு வந்து அதில் ஏறுவார். சுவிட்சைப் போடுவதில்லை. இரண்டு பக்கத்துக் கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு, சுவரில் இருக்கும் மணிக்கூட்டைப் பார்த்தபடி சும்மா நிற்பார். முதல் கிழமை பன்னிரண்டு நிமிடம் நின்றார். பிறகு எட்டு. பிறகு ஆறு. இறங்கும்போது மூச்சு வாங்கும். என்றாலும் மகள் போன் எடுத்தால் அவர் முதலில் சொல்வது அதைத்தான். "இண்டைக்கு ஆறு நிமிசம் நிண்டனான் பிள்ளை. கால் இன்னும் விடேல்லை." அந்த ஆறு நிமிடத்தை நம்பித்தான் அவர் இருந்தார். நிற்க முடிந்தால் நடக்கலாம், நடக்க முடிந்தால் தைப்பொங்கலுக்குப் பிறகு கடையைத் திறக்கலாம் என்று அவருக்கு ஒரு யோசனை. விழுந்தால் பிடிக்கவென்று நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பக்கத்தில் நின்று, "காணும், இறங்குங்கோ, எனக்கு வேறை வேலை இல்லையோ?" என்று ஏசிப் பேசுவேன். பேசாவிட்டால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

கார்த்திகை பிறக்க, அவருடைய அக்கா வந்து எங்களோடு தங்கினார். எனக்கு அவர் மச்சாள் முறை. எழுபது தாண்டியவர். எங்கள் பகுதியில் ஒரு செத்தவீடு என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பார். எதை எங்கே வைப்பது, ஆர் எங்கே இருப்பது என்று எல்லோரும் அவரைத்தான் கேட்பார்கள். வந்த மூன்றாம் நாள் காலை, நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் இருந்தார்.

"மச்சாள், உந்த மெசினை எடுக்கவேணும்."

"ஏன்?"

"ஏனோ? பெட்டியை எங்கை வைக்கப் போறியள்? உதுக்கு மேலையோ?"

அவர் பொல்லாத மனிசி இல்லை. சொல்லும்போதே அவருடைய கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்காமலேயே சொன்னார். தலையைத் தெற்கே வைக்கவேண்டும், சுற்றிவரப் பெண்கள் இருக்கவேண்டும், ஐயர் வந்தால் அவருக்கு இடம் வேண்டும். எங்கள் சொந்தத்தில் ஒரு வீட்டில் ஷோகேசையும் தையல் மெசினையும் முன்கூட்டி ஒதுக்காமல் விட்டு, கடைசியில் பிரேதப் பெட்டியைக் கோணலாக வைத்தார்களாம். பதினைந்து வருடமாகியும் சனம் அதைக் கதைக்கிறது. செத்தது ஆர் என்பதைக் கூட மறந்துவிட்டார்கள், பெட்டி கோணலாக இருந்ததை மட்டும் மறக்கவில்லை.

"அந்த நேரம் ஆர் உதைத் தூக்கிறது? கண்டவன் நிண்டவன் எல்லாம் வந்து இழுத்து உடைப்பாங்கள். இப்பவே ஆறுதலாச் செய்வம்."

"பின்னேரத்திலை அவர் அதைப் பிடிச்சுத்தானே நிக்கிறவர், மச்சாள்?"

"நிக்கிறதுக்குத்தானே? ஜன்னல் கம்பியைப் பிடிச்சு நிக்கட்டும்."

அந்த இடத்தில் நான் கத்தியிருக்கவேண்டும். உயிரோடு இருக்கிற மனிதனுக்குப் பெட்டி வைக்க இடம் பார்க்கிறீர்களோ என்று கேட்டிருக்கவேண்டும். சின்ன விஷயத்துக்கெல்லாம் ஊரைக் கூட்டுகிற எனக்கு அப்போது வாய் எழும்பவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் சனத்துக்குப் பயம். புருஷன் போகப்போகிறான் என்று தெரிந்தும் வீட்டை ஒதுக்காமல் இருந்தாள் என்ற சொல்லுக்குப் பயம். அந்தப் பயத்தோடு, அவருக்கு என்ன சொல்வது என்று யோசித்து, பொய்யைக் கண்டுபிடித்ததும் நான்தான். ஹோலுக்குப் பெயின்ற் அடிக்கப்போகிறோம் என்று சொல்லலாம் என்றேன். மச்சாள் தலையாட்டினார்.

கட்டிலில் கிடந்த இவரிடம் போய்ச் சொன்னேன்.

"ஓம், சுவர் எல்லாம் பூஞ்சணம் பிடிச்சுத்தான் கிடக்கு. மெசினைக் கழட்ட ஆரைக் கூப்பிடப் போறீர்?"

"ஒருத்தரும் வேண்டாம். நானும் மச்சாளும் கழட்டுவம்."

ஆளைக் கூப்பிட்டால் எங்கள் வீட்டில் ஹோல் ஒதுக்குகிறார்கள் என்ற கதை மத்தியானத்துக்குள் சந்திக்குப் போய்விடும். அதை அவரிடம் சொல்ல முடியுமா? அவர் சிரித்தார். ஆஸ்பத்திரியால் வந்த பிறகு பல்லுத் தெரியச் சிரித்தது அன்றுதான். "நீங்கள் ரெண்டு பேருமோ? அப்ப நான் பாக்கவேணும்" என்றார். கட்டிலை இழுத்துத் திருப்பி, அறைக் கதவால் ஹோல் தெரியும்படி வைத்து, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து இருத்தினோம். கட்டிலுக்குக் கீழே இருந்த ஸ்பானர் பெட்டியை எடுக்கச் சொன்னார். கடையைப் பூட்டியபோது அதை மட்டும்தான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்.

"முதல் பிளக்கைக் கழட்டும். கறன்ரோடை விளையாடாதையும்."

கழற்றினேன். பிறகு மேலே, இலக்கங்கள் தெரிகிற பலகையின் அடியில் நாலு ஆணி. குனிந்து பார்த்தால்தான் தெரியும். எனக்குக் குனிய முடியாது, மச்சாளுக்குக் கண் தெரியாது. ஒருவர் குனிய, ஒருவர் பார்க்க என்று முடியாத ஒரு காரியம். நான் நிலத்தில் படுத்து அண்ணாந்து கொண்டு ஸ்குறூட்றைவரைச் சுழற்றினேன். முதல் ஆணி வயிற்றில் விழுந்தது.

"விழுந்ததைக் கையிலை வைச்சிருக்காதையும். கழட்டின ஆணியைக் கழட்டின ஓட்டையிலையே திருப்பிப் போட்டு ரெண்டு சுத்துச் சுத்தி விடும்."

அது அவருடைய கடைச் சட்டம். பம் ஒன்றைப் பிரித்தால் ஒவ்வொரு நட்டையும் அதன் இடத்திலேயே திரும்பப் போட்டுவைப்பார். அவர் திருத்திய பம்மில் ஒரு ஆணி மிச்சம் வந்ததென்று ஒருவரும் சொன்னதில்லை. நானும் அப்படியே செய்தேன். மாறிப் போட்டால் கட்டிலில் இருந்தே கண்டுபிடித்தார். "அது இடப்பக்கத்து ஆணி. கட்டை ஆணி. ஏன் வலப்பக்கம் போடுறீர்?" நான் பதிலுக்கு, "அப்ப நீங்கள் வந்து போடுங்கோவன்" என்றேன். மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அந்த நேரம் ஒரு சந்தோஷம் கூட வந்தது. அவர் பழையபடி அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார். என்ன காரியத்துக்காக இதைக் கழற்றுகிறோம் என்பது ஒரு பத்து நிமிடம் எனக்கு மறந்தே போய்விட்டது.

பலகையைத் தூக்கி வைத்தோம். அடுத்தது இரண்டு தூண்கள். வலப்பக்கத் தூணுக்குள்ளால் ஒரு வயர் கீழே மோட்டாருக்குப் போகிறது. அதற்கும் ஒரு முறை சொன்னார். வயரின் நுனியில் நீளமாக ஒரு நூலைக் கட்டவேண்டும். தூணைத் தூக்கி எடுக்கும்போது வயர் கீழால் கழன்றுவிடும், நூல் மட்டும் தூணுக்குள் நிற்கும். திரும்பப் பூட்டும் நாளில் அந்த நூலைக் கொண்டு வயரை மேலே இழுத்துவிடலாம். நூல் இல்லாவிட்டால் அந்த வயரைத் தூணுக்குள்ளால் ஏற்றுவதற்கு ஒரு நாள் போகும்.

நூல் தேடி நான் குசினிக்குப் போனேன். கடைப் பார்சல்களில் வருகிற சணல் நூலைச் சுற்றிச் சுற்றி ஒரு டப்பாவுக்குள் போட்டுவைப்பேன், அந்த டப்பாவைக் காணவில்லை. ஒருமாதிரித் தேடி எடுத்துக்கொண்டு திரும்பி வர, மச்சாள் கதிரையில் இருந்து சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வியர்வையாக்கும் என்று நினைத்தேன். இவர் கட்டிலில் இருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வயரின் நுனியில் நூலைக் கட்டப் போனேன்.

"விடும். நூல் வேண்டாம்" என்றார்.

"ஏன் வேண்டாம்? பிறகு பூட்டேக்கை வயரை எப்பிடி இழுக்கிறது? நீங்கள்தானே இப்ப சொன்னனீங்கள்?"

என் கையில் இருந்த நூலைப் பார்த்தார்.

"ஓம் ஓம். கட்டும். இறுக்கிக் கட்டும்."

அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். இனித் திருத்தவே முடியாத பம்மைத் தோளில் சுமந்துகொண்டு வந்து நிற்கும் தோட்டக்காரரிடம், முடியாது என்று அவர் ஒருநாளும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. "வைச்சிட்டுப் போங்கோ, பாப்பம்" என்று ஒரு மெதுவான குரலில் சொல்வார். அதே குரலில்தான் எனக்கு நூலைக் கட்டச் சொன்னார். எனக்கு அது காதில் விழுந்தது. ஆனால் கையில் வேலை இருந்தது, நான் நின்று யோசிக்கவில்லை. நூலை மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினேன்.

அதற்குப் பிறகு ஆணி மாறிப் போட்டதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஓடுகிற பட்டியும் மோட்டாரும் உள்ள அடிப்பாகம் இரண்டு கிழவிகளால் தூக்கக்கூடிய பாரமில்லை. சாக்கை விரித்து, ஒரு பக்கத்தை அதில் ஏற்றி, இழுக்கச் சொன்னார். இழுத்து இழுத்து, நிலைப்படியில் மூச்சு வாங்கி நின்று, பின்பக்கக் கொட்டிலுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. திரும்பி வந்து ஹோலைக் கூட்டினேன். அது நின்ற இடத்தில் ஆறு வருடத்துத் தூசியும் நாலு கால்களின் அடையாளமும் இருந்தன. எல்லாம் துடைத்தாயிற்று. "எவ்வளவு இடம்" என்றார் அவர்.

நாலு மணிக்கு என்னைக் கூப்பிட்டார். வழமைபோல என் தோளைப் பிடித்துக்கொண்டு ஹோலுக்கு வந்தார். ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். கம்பி சுவரோடு ஒட்டியபடி, நெஞ்சு உயரத்தில் இருந்தது. அதைப் பிடித்தால் உடம்பு முன்னால் சாய்கிறது, சாய்ந்தால் கால் பின்னால் போகிறது. மெசினில் இரண்டு பக்கமும் கைப்பிடி இருந்ததால்தான் அந்தக் கால்கள் நின்றிருக்கின்றன. இது அரை நாளுக்கு முன் எனக்குத் தெரிந்திருக்கவேண்டிய விஷயம். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, முழங்கால் மடங்கி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். நானும் மச்சாளும் தூக்கிக் கட்டிலுக்குக் கொண்டுபோனோம். தூக்கும்போது அவரில் பாரமே இருக்கவில்லை.

"நாளைக்கு ஆளைக் கூப்பிட்டு மெசினைத் திருப்பிப் பூட்டுவம்" என்றேன். சனமும் கதையும் நாசமாய்ப் போகட்டும் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

"பெயின்ற் அடிக்க முன்னம் ஏன் பூட்டுவான்? பேந்தும் கழட்ட வேணுமெல்லோ?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பெயின்ற் அடிக்கும் யோசனையே இல்லை என்று சொன்னால், ஏன் கழற்றினாய் என்ற கேள்வி வரும். நான் சொன்ன பொய்க்குள் நானே அகப்பட்டு நின்றேன்.

அதற்குப் பிறகு அவர் எழும்பி நிற்கவில்லை. மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்க்கிற டொக்டர், எப்படியும் அந்தக் கிழமையோடு கால் விட்டிருக்கும் என்று எனக்கு ஆறுதல் சொன்னார். விட்டிருக்கலாம். ஆனால் கால் விட முந்தி நாங்கள் விட்டுவிட்டோம். ஒதுக்கிய ஹோலுக்குப் பக்கத்து அறையில் அவர் இன்னும் பத்துக் கிழமை கிடந்தார். பார்க்க வருகிற சனம் வாசலில் செருப்பைக் கழற்றும்போது சாதாரணமாகக் கதைத்துக்கொண்டுதான் வரும். உள்ளே வந்து வெறும் ஹோலைக் கண்டவுடன் குரல் இறங்கிவிடும். சுவரோரமாகக் கதிரைகளை இழுத்துப்போட்டு, நடுவைப் பார்த்தபடி இருப்பார்கள். அந்தக் குரல் இறங்குவதை அவர் உள்ளே கிடந்து கேட்டுக்கொண்டிருப்பார். மகள் எடுத்தால் நிமிடக் கணக்கு இல்லை. "அம்மா ஹோலுக்குப் பெயின்ற் அடிக்கப்போறாவாம்" என்று அவளுக்குச் சொன்னார். அவள் போனில் ஹோலைக் காட்டச் சொன்னாள், காட்டினேன், பிறகு சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டாள். மச்சாள் செய்ததில் பிழை சொல்லவும் முடியவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்களில் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை, பெட்டி நேராகத்தான் இருந்தது.

கிடந்த அந்தக் கிழமைகளில் பெயின்ற்காரனைப் பற்றி இவர் இரண்டு மூன்று தரம் கேட்டார். மழை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையிலும் அந்த மாரி விடாமல் பெய்தது. தை பிறந்து வெயில் எறிக்கத் தொடங்கியபின் ஒருநாள் காலை, தேக்கரண்டியால் அவருக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு கரண்டியோடு வாயை மூடிக்கொண்டார்.

"பெயின்ற்காரன் என்னவாம்?"

"மழை விடட்டும் எண்டவன்."

"மழை விட்டு மூண்டு நாளாச்சு."

நான் கஞ்சியைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"கெதியா அடிப்பியும். பெயின்ற் மணம் போறதுக்கு நாலைஞ்சு நாள் வேணும். சனம் வந்து இருக்கேக்கை மணந்தால் ஆக்களுக்குத் தலையிடிக்கும்."

எந்தச் சனம் என்று நான் கேட்கவில்லை. நாற்பத்தொரு வருடத்தில் அவர் சொன்ன ஒரு சொல்லையும் நான் சும்மா விட்டவள் இல்லை. அன்றைக்கும் ஒரு பேச்சு என்னிடம் இருந்திருக்கவேண்டும். என்ன விசர்க்கதை கதைக்கிறியள், கஞ்சியைக் குடிச்சுப்போட்டு எழும்பி நிக்கிற வழியைப் பாருங்கோ என்று ஒன்று சொல்லியிருந்தால் போதும். அவர் கண்ணை வேறு பக்கம் திருப்பாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசுவேன் என்று காத்திருந்தார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். நான் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்துவிட்டு, என்ன நிறம் அடிப்பம் என்று கேட்டேன்.